தோலுக்குப் போடுற மருந்து ஜெல்: பார்முலால ஆரம்பிச்சு க்ளினிக்கல் ட்ரையல் வரைக்கும் முழு வழிகாட்டி

கார்போமர்ங்குற கெட்டியாக்குற பாலிமர் பவுடரை தண்ணில தூவி கலக்கி, ரெண்டு சொட்டு காரம் விட்டா பளபளன்னு தெளிவா ஒரு ஜெல் வந்துடும், ஒரு நாள் வேலைதான். அதுக்குள்ள இருக்குற மருந்து ஜெல்ல விட்டு வெளிய வருதா, வந்தது தோலுக்குள்ள இறங்குதா, ரெண்டு வருஷம் ட்யூப்ல கிடந்தாலும் அப்படியே இருக்கா, இந்த மூணு கேள்விக்கு பதில் சொல்றதுக்குத்தான் வருஷக்கணக்குல ஆகுது. ஃபார்மசி படிக்கிறவங்க, ஃபார்முலேஷன் லேப்ல புதுசா சேர்ந்தவங்க, இவங்களை மனசுல வச்சுத்தான் இதை எழுதுறேன். வீட்ல கலக்கி முகத்துல போட்டுப் பாக்குறதுக்கான குறிப்பு இது கிடையாது, தயவுசெஞ்சு அப்படி யாரும் பண்ணாதீங்க.

வெறும் தியரியா போகாம இருக்க ஒரு மருந்தை கையில வச்சுக்கிட்டு போவோம்: மெட்ரோனிடசோல் 0.75% ஜெல். ரோசேஷியாங்குற முகம் சிவந்து பரு மாதிரி வர்ற தோல் பிரச்சனைக்கு ரொம்ப வருஷமா புழக்கத்துல இருக்குற மருந்து. எல்லா ஸ்டெப்லயும் ஏதாவது ஒண்ணு சொல்லிக்கொடுக்கும்.

1. முதல்ல நோயைப் பாருங்க, அப்புறம் ஜெல்லைப் பாருங்க

நிறைய பேரு "நான் ஜெல் பண்ணப் போறேன்"னு முடிவு பண்ணிட்டுத்தான் மருந்தையே தேடுறாங்க, அது தலைகீழ். தோல் எண்ணெய்ப்பசையா இருக்கா, முடி நிறைய இருக்குற இடமா, முகமா, அங்கெல்லாம் ஜெல் நல்லா இருக்கும், ஏன்னா பிசுபிசுப்பு இல்லாம காஞ்சுடும், கழுவுறதும் ஈஸி. பரு, ரோசேஷியா, தலைச்சருமம் இதுக்கெல்லாம் சரி. வறண்டு வெடிச்சுப்போன எக்ஸிமாவுக்கு தண்ணியும் ஆல்கஹாலும் கலந்த ஜெல்லைப் போட்டா இன்னும் வறண்டு எரியும், அங்க களிம்புதான் சரி. புண்ணு இருக்குற தோல்னா ஆல்கஹாலை மறந்துடுங்க.

இதோட சேர்த்து ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க: மருந்து எந்த அடுக்குல வேலை செய்யணும், ஒரு நாளைக்கு எத்தனை தடவை போடுவாங்க, எவ்வளவு பரப்புல போடுவாங்க, எந்த மாதிரி ட்யூப், எத்தனை மாசம் ஆயுள் வேணும். இதைத்தான் டார்கெட் ப்ராடக்ட் ப்ரொஃபைல்னு சொல்லுவாங்க. பின்னாடி எடுக்குற ஒவ்வொரு முடிவையும் இந்தப் பேப்பரோட ஒப்பிட்டுப் பாத்துக்கிட்டே இருக்கணும்.

2. மருந்தோட குணம் தெரியாம பீக்கரைத் தொடாதீங்க

தோலோட வெளி அடுக்கு, ஸ்ட்ரேட்டம் கார்னியம், உடம்புல பெரும்பாலான இடத்துல வெறும் 10ல இருந்து 20 மைக்ரோமீட்டர் தடிமன்தான், ஆனா மருந்துக்கு பெரிய தடையே அதுதான். செத்துப்போன செல்லுங்களுக்கு நடுவுல கொழுப்பு பூசி வச்ச செங்கல் சுவர் மாதிரி. அதனால 500 டால்டனுக்குக் குறைவான மூலக்கூறு எடை, லாக் பி (தண்ணியை விட எண்ணெய்ல எவ்வளவு கரையுதுன்னு காட்டுற நம்பர்) 1ல இருந்து 3க்குள்ள, இப்படி இருந்தா உள்ள போறது சுலபம்னு சொல்லுவாங்க. மெட்ரோனிடசோலுக்கு எடை 171, நல்லா இருக்கு, ஆனா லாக் பி கிட்டத்தட்ட பூஜ்யம். விதிப்படி பாத்தா ஒதுக்கிடணும், ஆனா நடைமுறைல வேலை செய்யுது. ஸோ இந்த நம்பர்களை வச்சு கேள்வி கேளுங்க, தீர்ப்பு சொல்லிடாதீங்க.

அடுத்தது கரைதிறன். இதுல நேரம் செலவு பண்ண யோசிக்காதீங்க. மெட்ரோனிடசோல் 20 டிகிரில தண்ணில ஒரு மில்லிக்கு சுமார் 10 மில்லிகிராம் கரையும். 0.75%னா ஒரு கிராமுக்கு 7.5 மில்லிகிராம், அதாவது கரையுற எல்லைக்குள்ள இருக்கு ஆனா ரொம்ப தூரத்துல இல்ல. இப்போ அந்த ட்யூபை குளிர்ல வச்சா என்ன ஆகும்? கரைதிறன் குறையும், படிகம் விழ வாய்ப்பு இருக்கு. இதையே 1% பண்ணணும்னா வெறும் தண்ணி பத்தாது, அதனாலதான் 1% ஜெல்லுல பீட்டாடெக்ஸ்ங்குற சைக்ளோடெக்ஸ்ட்ரினையும் நியாசினமைடையும் சேர்த்து கரைதிறனை ஏத்தியிருக்காங்க. கால் சதவீதம் கூடுனதுக்கு பார்முலாவே மாறிப்போச்சு பாருங்க.

அப்புறம் எந்த பிஎச்ல மருந்து உடையாம இருக்கு, வெளிச்சம் பட்டா நிறம் மாறுதா (மெட்ரோனிடசோல் மாறும், கருமையாகும்), ஆக்சிஜன் பட்டா என்ன ஆகுது, எல்லாம் இங்கயே பாத்துடணும். ரெண்டு மருந்து சேர்த்துப் போடுறீங்கன்னா ஒண்ணு இன்னொண்ணை அழிக்குதான்னு கட்டாயம் பாருங்க. பரு மருந்துகளையே எடுத்துக்கோங்க, பென்சாயில் பெராக்சைடு ட்ரெட்டினாயினை ஆக்சிஜனேற்றம் பண்ணி அழிச்சுடும், ஆனா அடாபலீனை ஒண்ணும் பண்றதில்ல, அதனாலதான் அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் ஒரே ஜெல்லுல சேர்ந்து வருது.

3. ஜெல்லிங் ஏஜென்ட் எது?

கார்போமர் 0.5ல இருந்து 2% போதும், தெளிவா அழகா வரும், மருந்தையும் நல்லா விடும். ஆனா அதுக்கு உப்பு ஆகாது. க்ளிண்டாமைசின் பாஸ்பேட், டைக்ளோஃபினாக் சோடியம் மாதிரி அயனியா பிரியுற மருந்தைப் போட்டா கெட்டித்தன்மை இறங்கிடும், சில நேரம் தண்ணியாவே ஆயிடும். பென்சல்கோனியம் குளோரைடு மாதிரி நேர்மின் அயனி உள்ளதோட சேர்த்தா திரிஞ்சு போகும். மெட்ரோனிடசோல் ஜெல்லோட பிஎச்ல அயனியா பிரியாது, அதனால கார்போமரோட சண்டை இல்லாம இருக்கும்.

மருந்து உப்பா இருந்தா எச்பிஎம்சி இல்ல ஹைட்ராக்சிஎத்தில் செல்லுலோஸ் பக்கம் போங்க, அயனி இல்லாத பாலிமர்ங்குறதால தாக்குப்பிடிக்கும், கொஞ்சம் கூடுதலா போடணும், கார்போமர் அளவுக்கு பளிச்சுனு இருக்காது. போலாக்சமர் 407 சுமார் 20% போட்டா ஃபிரிட்ஜ்ல திரவமா இருந்து தோல் சூட்டுல ஜெல் ஆகும், தொட முடியாத காயத்து மேல ஊத்துறதுக்கு அருமை, முகத்துக்கு அவ்வளவு தேவையில்ல.

ஒரு விஷயம் அழுத்திச் சொல்லணும். பழைய பாடப்புத்தகத்துலயும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுலயும் கார்போபால் 934, 940னே இருக்கும், பாத்து அப்படியே காப்பி பண்ணிடுறாங்க. அந்த வகைகளை பென்சீனை கரைப்பானா வச்சு தயாரிச்சாங்க. பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும், ஐசிஎச்ங்குற சர்வதேச மருந்துத் தர அமைப்போட க்யூ3சி வழிகாட்டுதல்ல அதுக்கு 2 பிபிஎம்தான் எல்லை. புதுசா ஆரம்பிக்கிறவங்க பென்சீன் இல்லாம தயாரிச்ச 980, 974பி மாதிரி கிரேடு எடுங்க. பின்னாடி கிரேடு மாத்துனா விஸ்காசிட்டில (கெட்டித்தன்மை அளவு) இருந்து ஸ்டெபிலிட்டி வரைக்கும் எல்லா டெஸ்ட்டையும் திரும்பப் பண்ணணும், அந்த வலி வேணாம்.

4. கூட சேர்க்குறதுங்க

ப்ரொப்பிலீன் க்ளைக்கால் கரைக்கவும் செய்யும், ஈரம் பிடிக்கும், தோலுக்குள்ள போகவும் உதவும், ஆனா அளவு கூடுனா சிலருக்கு எரியும், ரோசேஷியா தோல் ஏற்கனவே கோவமா இருக்குற தோல், அங்க கை அடக்கம் வேணும். ப்ரிசர்வேட்டிவா மெத்தில் பாரபென் 0.18%, ப்ரொப்பில் பாரபென் 0.02% ரொம்ப நாளா இருக்குற ஜோடி, இல்லன்னா ஃபீனாக்சிஎத்தனால் 1% வரைக்கும். பாலிசார்பேட் 80 மாதிரி சர்ஃபேக்டன்ட் (எண்ணெயையும் தண்ணியையும் ஒண்ணு சேர்க்குற பொருள்) பார்முலால இருந்தா அது பாரபெனைப் பிடிச்சு வச்சுக்கும், கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்காது, இதை பல பேரு கவனிக்கிறதில்ல. டைசோடியம் ஈடிடிஏ கொஞ்சமா போட்டா இரும்பு மாதிரி உலோகத் தூசியைக் கட்டிப் போடும், கார்போமர் வெளிச்சத்துல இளகிப்போறதையும் குறைக்கும்.

5. கலக்குற விதம்

இங்க நிதானமா போகலாம், பாதி ஜெல்லு கெட்டுப்போறது இந்த இடத்துலதான். 100 கிராம் பேட்ச்னு வச்சுக்கோங்க. சுத்திகரிச்ச தண்ணில முக்கால்வாசி எடுத்து அதுல ஈடிடிஏவையும் மெட்ரோனிடசோலையும் முழுசா கரைச்சுடுங்க, லேசா சூடு காட்டலாம். பாரபெனை தனியா வெதுவெதுப்பான ப்ரொப்பிலீன் க்ளைக்கால்ல கரைச்சு ஊத்துங்க. எல்லாம் ஆறினதுக்கு அப்புறம் ஸ்டிரரை சுழல விட்டு, அந்தச் சுழி ஓரத்துல கார்போமர் பவுடரை சல்லடை வழியா கொஞ்சம் கொஞ்சமா தூவணும். ஒரே அடியா கொட்டுனா வெளிப்பக்கம் மட்டும் நனைஞ்சு உள்ள காஞ்ச பவுடரோட உருண்டை உருண்டையா நிக்கும், எவ்வளவு கலக்குனாலும் கரையாது. அவசரத்துல ஹைஷியர் ஹோமோஜினைசர் (அதிவேகமா வெட்டிக் கலக்குற கருவி) போட்டு உடைக்காதீங்க, பாலிமர் சங்கிலி அறுந்துபோய் விஸ்காசிட்டி நிரந்தரமா குறைஞ்சுடும். மெதுவா கலக்கி மூடி ராத்திரி முழுக்க விட்டுடுங்க, காலைல பாத்தா லேசா கலங்கலா, ஒரே சீரா, பிஎச் 3 பக்கத்துல ஒரு திரவம் இருக்கும், காத்துக் குமிழியும் மேல ஏறிப் போயிருக்கும்.

இப்போதான் காரம். நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடையோ ட்ரைஎத்தனாலமைனையோ சொட்டுச் சொட்டா விடணும், ஸ்டிரர் வேகத்தைக் குறைச்சுக்கோங்க. கொஞ்ச நேரம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், திடீர்னு ஸ்டிரர் இழுக்க ஆரம்பிக்கும், அந்த நொடில கைல இருக்குற சொட்டை நிறுத்தி பிஎச் பாருங்க. இங்க மாட்டுன குமிழி சுலபத்துல வெளிய போகாது, வேக்கம் இருந்தா போடுங்க. தோலோட பிஎச் 5 பக்கம், அதனால 5ல இருந்து 6க்குள்ள நிறுத்துறது நல்லது, கார்போமர் அந்த அளவுலயே நல்லா கெட்டியாயிடும். கடைசியா மிச்சத் தண்ணி ஊத்தி எடையைச் சரி பண்ணுங்க. அதே முறைல மருந்து போடாம ஒரு வெறும் ஜெல்லும் பண்ணி வச்சுக்கோங்க, பின்னாடி ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் அது வேணும்.

6. முதல் நாள் டெஸ்ட்

பாக்குறதுக்கு எப்படி இருக்கு, நிறம், மணம், தொட்டா நறநறன்னு துகள் படுதா, மைக்ராஸ்கோப்புல படிகம் தெரியுதா. பிஎச். விஸ்காசிட்டி பாக்கும்போது ஜெல்லை ஒரு நாள் ஆட்டாம வச்சு, 25 டிகிரில, அதே ஸ்பிண்டில், அதே வேகம், அதே நேரம்னு எழுதி வச்சுப் பாருங்க, இதெல்லாம் எழுதாம "விஸ்காசிட்டி 40,000"னு போட்டா அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல. வேகத்தை ஏத்தி இறக்கி முழு கர்வ் எடுத்தா இன்னும் நல்லது. அழுத்துனா இளகி தேய்க்க வரணும், விட்டா திரும்ப நிக்கணும், வழியக்கூடாது.

ரெண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவுல வச்சு பரவுற தன்மை பாக்குற டெஸ்ட் உங்க பேட்ச்சுகளை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட உதவும், வேற லேப் நம்பரோட ஒப்பிட்டுப் பேசாதீங்க. மருந்தளவு எச்பிஎல்சில (கலவையைப் பிரிச்சு ஒவ்வொண்ணும் எவ்வளவுன்னு அளக்குற கருவி) பாருங்க, ட்யூபோட மேல், நடு, அடி மூணு இடத்துல இருந்தும் எடுத்துப் பாருங்க. வெறும் ஜெல்லையும் அதே கருவில ஓட்டி மருந்தோட பீக் (வரைபடத்துல வர்ற உச்சி) வர்ற இடத்துல வேற எதுவும் வரலன்னு காட்டணும், பாரபென் பீக் பக்கத்துல வந்து ஏமாத்தும்.

7. ரிலீஸ் டெஸ்ட்: ஜெல்ல விட்டு மருந்து வெளிய வருதா

எனக்கு ரொம்ப முக்கியமா படுறது இதுதான், மாணவர் ப்ராஜெக்ட்டுல அதிகம் சொதப்புறதும் இதுதான். ஃப்ரான்ஸ் செல்னு ஒரு கண்ணாடி அமைப்பு, கீழ திரவம், நடுவுல செயற்கை மெம்ப்ரேன், மேல ஜெல். யுஎஸ்பிங்குற அமெரிக்க மருந்துத் தர நூலோட 1724 அத்தியாயம் இதைப் பத்தித்தான். மெம்ப்ரேன் மேற்பரப்பு 32 டிகிரில இருக்கணும், ஏன்னா தோலோட மேற்பரப்பு வெப்பம் அதுதான், 37ல வச்சு பண்றது மாத்திரை டெஸ்ட் பழக்கம். மெம்ப்ரேன் மருந்தை உறிஞ்சக்கூடாது, தடுக்கவும் கூடாது. கீழ இருக்குற திரவத்துல மருந்து தாராளமா கரையணும், இல்லன்னா கொஞ்ச நேரத்துல நிரம்பிப்போய் ஜெல்லைத்தான் குறை சொல்லுவீங்க. மெட்ரோனிடசோலுக்கு பாஸ்பேட் பஃபரே போதும், தண்ணில கரையாத மருந்துன்னா கொஞ்சம் ஆல்கஹால் சேர்க்க வேண்டி வரும்.

மெம்ப்ரேனுக்கு அடில ஒரு சின்னக் காத்துக் குமிழி நின்னாலும் அந்த இடத்துல மருந்து இறங்காது. பஃபரை முன்னாடியே காத்து நீக்கி வச்சுக்கோங்க, ஒவ்வொரு தடவை சாம்பிள் எடுத்து திரும்ப நிரப்பும்போதும் செல்லைச் சாய்ச்சு குமிழியை பக்கவாட்டுக் குழாய் வழியா வெளிய விட்டுடுங்க. ஆறு செல் ஒரே நேரத்துல ஓடும்போது ஒண்ணு மட்டும் குறைவா வந்தா முதல்ல குமிழியைத்தான் சந்தேகப்படணும்.

அரை மணி, 1, 2, 3, 4, 6 மணின்னு சாம்பிள் எடுத்து, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வெளிய வந்த மருந்தை நேரத்தோட வர்க்கமூலத்துக்கு எதிரா வரைஞ்சா நேர்கோடு வரும், அந்தச் சாய்வுதான் ரிலீஸ் ரேட். போட்ட மருந்துல சுமார் 30% வெளிய வர்ற வரைக்கும்தான் இந்தக் கணக்கு செல்லும். உங்க முறை நிஜமா வித்தியாசத்தைக் கண்டுபிடிக்குதான்னு சோதிக்க, பாதி அளவு மருந்து, முழு அளவு, ஒன்றரை மடங்குன்னு மூணு ஜெல் பண்ணி ஓட்டுங்க. மூணும் தனித்தனியா தெரியலன்னா அந்த முறையால உங்களுக்கு பிரயோஜனம் இல்ல, முதல்ல இருந்து ஆரம்பிங்க. பின்னாடி தயாரிப்புல ஏதாவது மாத்துனா பழசையும் புதுசையும் ஆறாறு செல்லுல ஒப்பிடுவாங்க, சாய்வு விகிதத்தோட 90% நம்பிக்கை எல்லை 75ல இருந்து 133.33%க்குள்ள இருக்கணும், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவோட 1997 சூபாக்-எஸ்எஸ் வழிகாட்டுதல்ல இருக்கு.

8. நிஜத் தோல்

ரிலீஸ் ஆனதெல்லாம் தோலுக்குள்ள போகும்னு அர்த்தமில்ல. அதே ஃப்ரான்ஸ் செல்லுல இப்போ அறுவை சிகிச்சைல நீக்குன மனிதத் தோல், உரிய சம்மதத்தோட வாங்குனது. முதல்ல தண்ணி ஆவியாகுற அளவை அளந்து தோல் கிழியாம இருக்கான்னு பாக்கணும். ஜெல்லை அப்பிடாதீங்க, நோயாளி தேய்க்கிற மாதிரி மெல்லிசா, இந்த டெஸ்ட்டுல வழக்கமா சதுர சென்டிமீட்டருக்கு 5ல இருந்து 15 மில்லிகிராம் வரைக்கும்தான். அப்படி மெல்லிசா போடும்போது வேற ஒரு கதை தெரியும்: தண்ணியும் ஆல்கஹாலும் ஆவியாகி, மிச்ச படலத்துல மருந்தோட செறிவு ஏறும், சிலது வேகமா உள்ள போகும், சிலது தோல் மேலயே படிகமா விழுந்து அங்கயே நின்னுடும். ட்யூப்ல இருக்குற பார்முலாவும் தோல் மேல பத்து நிமிஷம் கழிச்சு இருக்குற பார்முலாவும் ஒண்ணு கிடையாது. முடிஞ்சதும் கீழ திரவத்துல எவ்வளவு, மேல்தோல்ல எவ்வளவு, உள்தோல்ல எவ்வளவு, துடைச்சு எடுத்ததுல எவ்வளவுன்னு கூட்டிப் பாருங்க, போட்ட கணக்கு வரணும். ஆளுக்கு ஆள் தோல் ரொம்ப மாறும், ஒருத்தரோட தோலை மட்டும் வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க.

9. கிருமி

தண்ணி இருக்குற எதுலயும் கிருமி வளரும். தோல்ல போடுற மருந்துக்கு ஒரு கிராமுக்கு மொத்த பாக்டீரியா கணக்கு 100க்குள்ள, ஈஸ்ட்-பூஞ்சை 10க்குள்ள, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸும் சூடோமோனாஸ் ஏருஜினோசாவும் இருக்கவே கூடாது. ப்ரிசர்வேட்டிவ் வேலை செய்யுதான்னு பாக்க யுஎஸ்பி 51: அஞ்சு கிருமியை வேணும்னே ஜெல்லுக்குள்ள விட்டு 28 நாள் கவனிக்கணும். பாக்டீரியா 14 நாளுக்குள்ள நூறுல ஒரு பங்கா குறையணும், அதுக்கப்புறம் ஏறக்கூடாது, ஈஸ்ட்டும் பூஞ்சையும் விட்ட அளவை விட ஏறக்கூடாது. ஆயுள் முடியுற சமயத்துல இருக்குற ஜெல்லுலயும் இதைப் பண்ணுங்க.

10. ஸ்டெபிலிட்டி

கடைல விக்கப்போற அதே ட்யூப்ல போட்டுத்தான் வைக்கணும், பீக்கர்ல வச்சதெல்லாம் கணக்குல வராது. 40 டிகிரி 75% ஈரப்பதத்துல 6 மாசம், நீண்ட காலத்துக்கு 25 டிகிரி 60%, வெப்ப ஈர நாடுகளுக்குன்னா 30 டிகிரி 75%. முதல் வருஷம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை, ரெண்டாவது வருஷம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாக்குறது வழக்கம். மருந்தளவு ஆரம்பத்துல இருந்து 5% மாறுனா அது பெரிய மாற்றம்னு ஐசிஎச் சொல்லுது. அதோட உடைஞ்சு வர்ற பொருட்கள், பிஎச், விஸ்காசிட்டி, ப்ரிசர்வேட்டிவ் அளவு, ட்யூபோட எடை குறையுதா, எல்லாம் சேர்த்துப் பாக்கணும். தண்ணி போயிட்டா மருந்து சதவீதம் ஏறுன மாதிரி காட்டும், எடை பாக்காதவங்க அதைப் பாத்துக் குழம்புவாங்க. மெட்ரோனிடசோல் எல்லைக்குப் பக்கத்துல கரைஞ்சு இருக்குதுல்ல, அதுக்கு உறைய வச்சு இளக்குற சுழற்சி கட்டாயம், ஒவ்வொரு தடவையும் மைக்ராஸ்கோப்புல படிகம் தேடுங்க. வெளிச்ச டெஸ்ட் 12 லட்சம் லக்ஸ் மணி, ட்யூபுக்குள்ளயும் பாருங்க, பிதுக்கி வச்சும் பாருங்க.

11. தோலுக்குப் பாதுகாப்பா

முன்னாடியெல்லாம் முயல் முதுகுல போட்டுப் பாத்தாங்க, இப்போ லேப்ல வளர்த்த மனித மேல்தோல் மாதிரிலயே எரிச்சல் டெஸ்ட் பண்ணலாம், ஓஇசிடிங்குற சர்வதேச அமைப்போட டெஸ்ட் வழிகாட்டுதல் 439. அலர்ஜிக்கு 442 வரிசை, வெயில் பட்டா நச்சாகுதான்னு பாக்க 432. மனிதர்கள்ல பண்ற பேட்ச் டெஸ்ட்டுல மூணு வாரம் திரும்பத் திரும்ப ஒட்டி, கொஞ்ச வாரம் இடைவெளி விட்டு புது இடத்துல ஒட்டிப் பாப்பாங்க, இதுக்கு எதிக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாம ஒரு அடி கூட வைக்கக்கூடாது. ஃப்ரெண்ட்ஸ் கையில தடவிப் பாத்தோம்னு ரிப்போர்ட்ல எழுதுறதை பாத்தாலே எனக்கு பதறும்.

12. பெரிய பேட்ச்

100 கிராம்ல வந்தது 100 கிலோல அப்படியே வராது. பவுடர் தூவுற நேரம், கலக்குற வேகம், ஆறுற நேரம், காரம் பரவுற விதம் எல்லாம் மாறும். நடுவுல ஒரு சைஸ் பண்ணிப் பாருங்க, ட்யூபுக்கு பம்ப் வழியா போகும்போது விஸ்காசிட்டி எவ்வளவு இறங்குது, எவ்வளவு நேரத்துல திரும்ப வருதுன்னு எழுதி வைங்க.

13. க்ளினிக்கல் ட்ரையல்

முதல்ல அதிகபட்சமா எவ்வளவு பரப்புல போடுவாங்களோ அவ்வளவு போட்டு ரத்தத்துல எவ்வளவு மருந்து வருதுன்னு பாக்கணும், இதுவும் நல்ல தோல் உள்ளவங்க மேல பண்ணா பத்தாது, நோய் இருக்குற தோல் வழியா அதிகம் போகலாம். அடுத்து எந்த அளவு சரி, அதுக்கப்புறம் பெரிய ட்ரையல். அதுல ஒரு குழுவுக்கு மருந்து ஜெல், இன்னொரு குழுவுக்கு நம்ம பண்ணி வச்ச அதே வெறும் ஜெல், யாருக்கு எதுன்னு டாக்டருக்கும் தெரியாது நோயாளிக்கும் தெரியாது. வெறும் ஜெல்லே குளிர்ச்சி குடுக்கும், ஈரம் குடுக்கும், அதுலயே கணிசமான பேருக்கு சரியாகும், அதையும் தாண்டி மருந்து ஜெல் ஜெயிச்சாத்தான் மருந்து வேலை செஞ்சுதுன்னு சொல்ல முடியும். ரோசேஷியா, பரு ரெண்டுக்கும் பொதுவா 12 வாரம், பருக்களை எண்ணுவாங்க, டாக்டர் ஒட்டுமொத்தமா ஒரு ஸ்கோர் போடுவாங்க, "முழுசா சரி" இல்ல "கிட்டத்தட்ட சரி"ங்குற நிலைக்கு வந்தா வெற்றின்னு கணக்கு.

ட்ரையல்ல எவ்வளவு தடவச் சொன்னீங்களோ அதை நோயாளிக்குப் புரியுற மாதிரி பாக்கெட்ல எழுதணும். 5 மில்லிமீட்டர் வாய் உள்ள ட்யூப்ல இருந்து பெரியவங்க ஆள்காட்டி விரலோட கடைசி மடிப்புல ஆரம்பிச்சு நுனி வரைக்கும் பிதுக்குனா சுமார் அரை கிராம் வரும், விரல்களோட சேர்த்து ரெண்டு உள்ளங்கை பரப்புக்கு அது போதும். ட்யூப் வாய் சின்னதா இருந்தா இந்தக் கணக்கு தப்பாயிடும், ஸோ ட்ரையல்ல குடுத்த ட்யூபும் விக்கிற ட்யூபும் ஒரே வாய் அளவுல இருக்கான்னு பாத்துட்டு அந்த வரியை எழுதுங்க.